செம்பில் பதியுமுன்

எங்கள் முசரவாக்கம் காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாள்களில், விடியற்காலையில் காஞ்சியின் தெருக்களில் நடந்தால் செவியில் விழும் முதல் ஓசை தறியின் ஓசையாகவே இருக்கும். இன்று எங்கள் பக்கத்தில் அதற்கும் முன்பாகத் தொழிற்சாலைப் பேருந்தின் ஒலி கேட்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் அவை. அவர்களுள் சிலர் என்னிடம் படித்தவர்கள். "என்ன வேலை பார்க்கிறாய், அம்மா?" என்று கேட்டால், "போர்டு வேலை, ஐயா" என்று விடை வரும். கரும்பலகையோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த எனக்குப் போர்டு என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த இன்னொரு பலகையைப் பற்றி அறியும் வாய்ப்புக் கிட்டியது. அதுவும் மகிழ்ச்சியான முறையில் கிட்டவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. பொறியியல் கற்று, கிணற்று மோட்டாருக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் சுற்றுப் பலகை வரைபவனாகச் சேர்ந்திருந்தான். கையில் ஓர் அட்டைப் பெட்டி. திறந்து காட்டினான். உள்ளங்கை அகலத்தில், பச்சை நிறத்தில், பளபளவென்று பலகைகள்.

"அழகாக இருக்கின்றனவே, தம்பி" என்றேன்.

"இவை போல 500 இருக்கின்றன, ஐயா. ஒன்றும் உதவாது. வேலையை விட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன்" என்றான்.

நேயர்களே, அவன் சொன்னது விளங்க வேண்டுமானால் அந்தப் பலகை எத்தகையது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கண்ணாடி இழையையும் ஒருவகைப் பிசினையும் சேர்த்து அழுத்திய தகடு அது. பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் கனமுடையது. அதன்மேல் தலைமயிரினும் மெல்லியதாக, ஏறத்தாழ 35 மைக்ரான் கனத்தில், செம்பு படிந்திருக்கும். வேண்டிய தடங்களை மட்டும் மறைத்துவிட்டு எஞ்சிய செம்பை இரசாயனத்தால் அரித்து நீக்கினால், மின்சாரம் செல்லும் பாதைகள் கோடு கோடாக நிற்கும். மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் நுண்செயலியையும் உரிய இடங்களில் வைத்துப் பற்றாசினால் பற்றவைத்தால் கருவி உயிர் பெறுகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதனுள்ளே கம்பிகள் காக்கைக்கூடு போலப் பின்னிக் கிடந்தது நினைவிருக்கும். அந்தக் கம்பிக் கூட்டத்தை ஒரு தட்டையான சித்திரமாக மாற்றியதுதான் இந்தப் பலகை.

இதற்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் வியன்னா நகரத்துப் பொறியாளர் பால் எய்ஸ்லர். 1936இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்று, அச்சுத் தொழிலின் முறையைக் கொண்டே ஒரு வானொலிப் பெட்டியின் மின்சுற்றை அமைத்துக் காட்டினார். முதலில் அதை மதிப்பார் இல்லை. இரண்டாம் உலகப் போரில், விமானத்தை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டுகளின் திரிக்கருவிக்கு அச்சிட்ட மின்சுற்று தேவைப்பட்டபோதுதான் உலகம் இம்முறையின் அருமையை அறிந்தது. அச்சு என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு நூலின் அச்சுப்படியில் பிழை இருந்தால் ஆயிரம் பிரதியிலும் அதே பிழை இருக்கும். என் மாணவனுக்கு நேர்ந்ததும் அதுவே.

அவனுடைய கருவியில் இரண்டு பலகைகள். ஒன்றோடொன்று பொருந்த, பத்துப் பத்தாக இரு வரிசையில் 20 ஊசிகள் கொண்ட இணைப்பி ஒன்று உண்டு. இணைப்பியைச் செய்தவர்கள் தம் குறிப்பேட்டில் அதைக் கீழிருந்து பார்த்தால் எவ்வாறு தோன்றும் என்று வரைந்திருக்கிறார்கள். இவனோ மேலிருந்து பார்த்த படம் என்று எண்ணி வரைந்துவிட்டான். கண்ணாடியில் இடம் வலமாவதைப் போல வரிசைகள் இரண்டும் மாறிவிட்டன. 24 வோல்ட் செல்ல வேண்டிய ஊசி, 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத நுண்செயலியின் தடத்தில் போய் நின்றது. இணைப்பியைப் பலகையின் மறுபக்கத்தில் பொருத்திவிட்டால் வரிசை சரியாகிவிடுமே என்று ஒருவர் சொன்னாராம். பொருத்திப் பார்த்தார்கள்; பெட்டியின் மூடி மூடவில்லை.

"முதலில் ஒன்றிரண்டு செய்து பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"செய்தோம், ஐயா. இணைப்பி அப்போது வந்து சேரவில்லை. இரண்டு பலகைகளையும் கம்பியால் இணைத்துச் சோதித்தோம். நன்றாக ஓடியது. பருவத்துக்கு முன் விற்பனைக்கு வர வேண்டும் என்று உடனே 500க்கு ஆணை கொடுத்துவிட்டார்கள்."

"நீ வரைந்ததை வேறு யார் பார்த்தார்கள்?"

அவன் விடை சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. பையனுக்கு அறிவு குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. எந்த வேலை எதற்குப் பின் வர வேண்டும், ஒவ்வொன்றையும் யார் பார்த்து ஒப்ப வேண்டும் என்ற ஒழுங்கு அந்த நிறுவனத்தில் இல்லை.

நான் அவனை அழைத்துக்கொண்டு அவன் தந்தையிடம் சென்றேன். அவர் அன்று தறியில் இருந்தார். மகனுடைய துன்பத்தைக் கேட்டுவிட்டு, தறியின் தலைமேல் இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார். பட்டுச் சேலையின் முந்தானையில் ஓர் அன்னப்பறவை வர வேண்டுமானால், முதலில் அது கட்டங்கள் அச்சிட்ட தாளில் வர வேண்டும். ஒரு கட்டம் என்பது பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் ஓர் இடம். அந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிடுவார்கள். துளை உள்ள இடத்தில் இழை மேலெழும். இல்லாத இடத்தில் எழாது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804இல் அமைத்த முறை இது. "தாளில் ஒரு கட்டம் தவறினால் அழிரப்பரால் போய்விடும், ஐயா. அட்டையில் தவறினால் ஓர் அட்டை வீண். பட்டில் தவறினால்?" என்று அவர் சொல்லி நிறுத்தினார். புதிய சித்திரம் வந்தால் அவர் உடனே முந்தானையில் இறங்குவதில்லையாம். ஓரிரு விரற்கடை நெய்து பார்த்து, சித்திரம் எழுதியவரையும் அழைத்துக் காட்டிவிட்டுத்தான் மேலே செல்வாராம்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்தது பாடக்குறிப்பு எழுதுவது. வகுப்பில் வாயைத் திறப்பதற்கு முன் தாளில் எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தினால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்து, அடுத்த பலகைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதச் சொன்னேன். அவன் முதல் வரியில் "மின்சுற்று வரைபடம்" என்று எழுதினான். "அதற்கு முன் ஒன்றும் இல்லையா? இந்தப் பெட்டி எங்கே இருக்கப் போகிறது?" என்றேன். மோட்டார்க் கொட்டகையில் என்றான். அவன் அந்நாள்வரை எந்தக் கொட்டகையிலும் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை என்பது அப்போது வெளிப்பட்டது.

மறுநாள் காலையில் எங்கள் ஊர் விவசாயி ஒருவருடைய கொட்டகைக்குச் சென்றோம். பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் கருகிய பல்லி ஒன்று கீழே விழுந்தது. எறும்பு மண் ஒரு மூலையில் குவிந்திருந்தது. மூன்று ஃபேஸில் ஒன்று அடிக்கடி நின்றுபோகிறது என்றும், அப்படியே ஓடவிட்டால் மோட்டாரின் சுருள் கருகிவிடும் என்றும், மாலையில் மின்னழுத்தம் மிகவும் இறங்கிவிடுகிறது என்றும் அவர் சொன்னார். கோடையில் தகரக் கூரையின் கீழ் நிற்க முடியாது. இவை யாவும் நோட்டின் முதல் பக்கத்தில் ஏறின. பல்லி நுழையாத பெட்டி, ஈரமும் தூசியும் படியாமல் பலகையின்மேல் பூசும் வார்னிஷ் போன்ற பூச்சு, வெப்பம் தாங்கும் பாகங்கள் என்று தேவைகள் தாமே எழுந்தன. வரைபடம் வந்த பிறகு இவை தெரிந்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு மாற்றமாக இருந்திருக்கும்.

இந்த முதல் பக்கத்தின் மதிப்பை நம் நாட்டிலேயே பெரிய அளவில் காட்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1984 ஆகஸ்டில் மத்திய அரசு சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது. சாம் பித்ரோதாவின் முயற்சியால் எழுந்த அந்த நிறுவனத்துக்கு 36 மாதங்களும் 36 கோடி ரூபாயும் அளிக்கப்பட்டன. நம் நாட்டுக்கேற்ற மின்னணுத் தொலைபேசி நிலையங்களை உருவாக்குவது அதன் பணி. அந்நாளில் மேலைநாட்டு மின்னணு நிலையங்கள் குளிர்சாதன அறையில் வாழ்ந்தவை. நம் கிராமங்களிலோ மின்சாரமே நிலையாக இல்லை. வெயிலும் தூசியும் உண்டு. ஆகவே குளிர்சாதனம் இன்றி இயங்க வேண்டும் என்பதை இளம் பொறியாளர்கள் முதல் நிபந்தனையாக வைத்தார்கள். அந்த ஒரு வாக்கியம் பலகையின் ஒவ்வொரு பாகத்தையும் தீர்மானித்தது. குறைந்த மின்சாரம் உண்ணும் பாகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வெப்பம் தானே வெளியேறும்படி அமைத்தார்கள். ஒரு பலகை பழுதானால் எளிய பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரே அதை உருவி வேறொன்றைச் செருகலாம். 128 முனைகள் கொண்ட அந்தக் கிராம நிலையம் 1986இல் கர்நாடகத்துக் கிட்டூரில் நிறுவப்பட்டது. நகரங்களுக்கான பெரிய நிலையம் குறித்த காலத்துக்குள் முழுமையாக முடியவில்லை என்ற குறையும் எழுந்தது. சிறியதை முதலில் முடித்துக் களத்தில் நிறுத்தியதை நான் அறிவுடைமை என்றே கருதுகிறேன்.

தேவைகள் பொறியாளரின் மேசைக்கு வெளியிலிருந்து வருவன என்பதற்கு இன்னொரு சான்று நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982 மே மாதம் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. ஆனால் தேர்தல் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கூறி, 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப் பதிவுக்கு உத்தரவிட்டது. சட்டம் 1988 டிசம்பரில் திருத்தப்பட்டது. நாடு முழுவதும் மக்களவைத் தேர்தலில் இயந்திரம் வந்தது 2004இல். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் பங்கு கொண்ட பொறியாளர் எஸ். ரங்கராஜனை நீங்கள் வேறு பெயரால் அறிவீர்கள். அவர்தான் எழுத்தாளர் சுஜாதா.

நோட்டுக்குத் திரும்புவோம். தேவைக்குப் பின்தான் மின்சுற்று வரைபடம். எது எதனோடு இணைய வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும்; எது எங்கே இருக்கும் என்பதைச் சொல்லாது. இதனோடு பாகப் பட்டியலும் பிறக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. விரும்பிய பாகம் கடையில் கிடைக்கிறதா, இன்னும் சில ஆண்டுகள் செய்யப்படுமா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். 2020 முதல் 2022 வரை உலகெங்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, முடிந்துபோன பலகைகளைக் கிடைத்த சில்லுக்கேற்ப மீண்டும் வரைந்தவர்கள் பலர். கிணறு வெட்டிய பிறகு கயிறு தேடுவது போன்ற வேலை அது.

பின்னர்தான் பாகங்களை இடத்தில் அமர்த்தித் தடம் போடும் வேலை. மாணவ நண்பர்களே, இதில்தான் கலையும் விஞ்ஞானமும் கைகோக்கின்றன. மோட்டார்ப் பெட்டியில் ஒருபுறம் 415 வோல்ட், மறுபுறம் 3.3 வோல்ட். இரண்டுக்கும் நடுவே ஈரக்காலத்திலும் தூசிபடிந்த நிலையிலும் மின்சாரம் தாவாத அளவுக்கு இடைவெளி வேண்டும். சில சமயம் பலகையையே அந்த இடத்தில் நீளமாக வெட்டிவிடுகிறார்கள். மிகுந்த மின்னோட்டம் செல்லும் தடம் அகலமாக இருக்க வேண்டும்; இல்லையேல் சூடேறும். நுண்செயலியின் கால்களுக்கு அருகிலேயே சிறு மின்தேக்கிகள் அமர வேண்டும். தாகம் எடுத்தவுடன் கைக்கெட்டும் குவளையைப் போல, திடீரென்று வேண்டும் மின்சாரத்தை அவை உடனே தருகின்றன. தொலைவில் வைத்தால் வரைபடத்தில் ஒரு பிழையும் தெரியாது. கருவி மட்டும் காரணமின்றித் தடுமாறும். வெப்பம் உமிழும் பாகத்தை வெப்பம் அளக்கும் பாகத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னர் அளவு தவறுகிறதே என்று வியந்தவர்களும் உண்டு. இடத்தை நன்றாக யோசித்து அமர்த்திவிட்டால் தடங்கள் எளிதாக வந்துவிடும் என்றும், அவசரப்பட்டவர்கள் தடங்களோடு மாதக்கணக்கில் போராடுவார்கள் என்றும் அவன் சொன்னான்.

"இதையெல்லாம் கணிப்பொறி சோதிக்காதா?" என்று கேட்டேன். சோதிக்கும். இரு தடங்கள் மிக நெருங்கினால் சொல்லும். இணைப்பு விடுபட்டால் சொல்லும். ஆனால் இணைப்பியின் உருவத்தை நாம் இடவலம் மாற்றி எழுதிவைத்தால் அதையே உண்மை என்று ஏற்றுக்கொண்டு, பிழையில்லை என்று சான்றிதழ் தந்துவிடும். நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது ஒருமுறை கணக்கு வினாத்தாளை நானே எழுதி, அச்சுப்படியையும் நானே திருத்தினேன். மூன்று முறை படித்தும் ஒரு வினாவில் விடுபட்ட எண் என் கண்ணில் படவில்லை. என் மனம் அதை இட்டு நிரப்பிக்கொண்டது. தேர்வுக் கூடத்தில் முதல் வரிசைச் சிறுமி எழுந்து நின்று கேட்டாள். அந்தக் கதையை அவனிடம் சொல்லி, நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு பெயர்களை எழுதச் சொன்னேன்: செய்பவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். பார்ப்பதற்கென்று தனியே நாள்களும் ஒதுக்கச் சொன்னேன். அவனுடைய பழைய கால அட்டவணையில் வரைவதற்கு மூன்று வாரமும், பார்ப்பதற்கு ஒரு நாளும் இல்லாமலும் இருந்தது!

பார்த்து ஒப்பிய சித்திரத்தைத்தான் பலகை செய்வோருக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும் கோப்புகளை இத்தொழிலில் எல்லோரும் "ஜெர்பர்" என்கிறார்கள். ஜோசப் ஜெர்பர் என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் வரையும் பொறியால் வந்த பெயர் அது. அவரும் எய்ஸ்லரைப் போலவே வியன்னாவில் பிறந்தவர். இளம்வயதில் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். ஒரே நகரத்திலிருந்து வெளியேறிய இருவர் இத்தொழிலின் இரு முனைகளிலும் நிற்கிறார்கள்.

முதலில் ஐந்தாறு பலகைகள் மட்டும் வரவழைக்க வேண்டும். அவை விற்பனைக்கு வரப்போகும் அதே இணைப்பியோடும், அதே பெட்டியோடும், அதே மூடியோடும் சோதிக்கப்பட வேண்டும். முதல் மின்சாரத்தை அளவோடு கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் மின்னழுத்தம் சரியா என்று அளந்த பிறகே அடுத்த பகுதியைத் தொட வேண்டும். கண்ட குறைகளை நோட்டில் எழுதித் திருத்த வேண்டும். திருத்திய பலகையில் புதிய திருத்த எண் அச்சாக வேண்டும். எண் இல்லாவிட்டால் பழையதும் புதியதும் ஒரே பெட்டியில் கலந்து, பழுது பார்ப்பவர் தலையில் கைவைத்துக்கொள்வார். சி-டாட் தன் வடிவமைப்பைப் பல தொழிற்சாலைகளுக்கு உற்பத்திக்கு வழங்கியது. எழுத்தில் ஒழுங்காக இல்லாத ஒன்றை அவ்வாறு பலர் கையில் கொடுக்க இயலாது.

அந்த மாணவன் வேலையை விடவில்லை. நோட்டுப் புத்தகத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் நாள்கள் கூடுதலாகின்றனவே என்று முணுமுணுத்தாராம். பிறகு மூலையில் அடுக்கியிருந்த 500 பலகைகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாராம்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் வந்தான். இம்முறை பலகை இல்லை. புதிய பலகையின் சித்திரத்தை உண்மை அளவிலேயே ஒரு தாளில் அச்சிட்டு, தெர்மகோல் அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். நேரே தந்தையின் தறிக்குச் சென்றோம். மெய்யான இணைப்பியின் 20 ஊசிகளையும் தாளில் வரைந்த புள்ளிகளில் அழுத்தினான். ஒவ்வொன்றும் தன் இடத்தில் இறங்கியது. ரிலேயை வைத்தான், மின்தேக்கிகளை வைத்தான். அவன் தந்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு பலகையைப் பெட்டியோடு பிணைக்கும் திருகாணி ஒன்றைக் கேட்டு வாங்கி, மூலைத் துளையில் நிறுத்தினார்.

"இதன் தலை அந்தச் செம்புக் கோட்டைத் தொடுகிறதே, அது சரிதானா?" என்று கேட்டார்.

மகன் குனிந்து பார்த்தான். அது 415 வோல்ட் செல்லும் தடம். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த மூலையைச் சுற்றி ஒரு வட்டமிட்டான். பலகைக்கு ஆணை அனுப்பும் நாள் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.